ஏரோது ராஜாவின் காவல்காரன்

அல் கூஸ், துபாய்
18.1.2008, வெள்ளிக்கிழமை

அன்புள்ள சங்கீதாவுக்கு,

உன் வீட்டுக்காரன் பழனிச்சாமி எழுதுவது. இங்கே நான் சுகம். நீயும் இளவேனிலும் எப்படி இருக்கிறீர்கள் என்று போனில் கேட்டிருக்க வேண்டும். மூன்று வெள்ளிக்கிழமையாக நீ போனுக்கு வரவில்லை. முதல் வாரம் கோயிலுக்குப் போயிருக்கிறாய் என்றது சுந்தராம்பாள் அக்கா. அடுத்த வாரம் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறாய் என்றது. இன்றைக்கும் அதே எண்ணெய்க் குளியல். ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் கார்டு போட்டு அடித்தேன். அப்போதும் குளித்து முடியவில்லையாம். நம் கிணற்றில் தண்ணீர் மிச்சம் இருக்கிறதா என்று ஒரு வரி எழுது.

அக்கா வேண்டுமென்றே உன்னைக் கூப்பிடாமல் இருக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம். நாத்தனார் என்றால் அப்படித்தான் என்று எங்கள் நாடகத்தில்கூட வருகிறது. நாடகமா என்று கேட்பாய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இந்த வாரம் இங்கே பெய்த மழையை டிவியில் காட்டியிருப்பார்கள். கேம்ப் வாசலில் முழங்கால் தண்ணீர். பஸ் வரவில்லை. நாங்கள் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு நடந்தே வொர்க்ஷாப் போய்ச் சேர்ந்தோம். போனால் ஃபோர்மேன், இன்றைக்கு லோடு எதுவும் போகாது, ஓரமாகக் கிடக்கிற அரண்மனையை முடியுங்கள் என்றார். அரண்மனை என்றால் நிஜமாகவே அரண்மனைதான். எருசலேம் நகரத்து அரண்மனை. எட்டடி உயரத்தில் ஆறு தூண், ஒரு சிம்மாசனம், பின்னால் ஒரு வளைவு. எல்லாம் மிச்சம் விழுந்த ப்ளைவுட்டும் தெர்மாகோலும்தான். எங்கள் ரூமில் இருக்கிற ஆம்பூர் கௌஸ் முகம்மது அதன் மேல் பெயின்ட் அடித்துப் பளிங்காக மாற்றிவிட்டார். தொட்டுப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்.

இங்கே தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழா பிப்ரவரி பதினைந்தாம் தேதி. தை முடிந்து மாசியில் பொங்கலா என்று சிரிக்காதே. ஹால் என்றைக்குக் கிடைக்கிறதோ அன்றைக்குத்தான் இங்கே பொங்கல். அதில் ரகுநாதன் சார் ஒரு சரித்திர நாடகம் போடுகிறார். கட்டடக் கம்பெனியில் பெரிய இன்ஜினியர், எங்கள் வொர்க்ஷாப்புக்கு வேலை கொடுப்பவர், அதனால் அரண்மனைக்குக் கூலி கேட்க முடியாது. கதையை எழுதியதும் அவரே, ராஜா வேஷம் கட்டுவதும் அவரே. அவர் மனைவி சந்திரகலா மேடம் ராணி. சிம்மாசனத்தைக் கொண்டுபோய் இறக்கிய அன்று சார் என் மீசையைப் பார்த்துவிட்டு, ராஜாவுக்குப் பக்கத்தில் ஈட்டியோடு நிற்க ஆள் வேண்டும், நிற்கிறாயா என்றார். வெள்ளிக்கிழமை ஒத்திகையில் பிரியாணி உண்டு என்றார்கள். நின்றுவிட்டேன்.

ராஜா பெயர் ஏரோது. கிறிஸ்துமஸ் சமயத்தில் பச்சைக் குழந்தைகளைக் கொல்லச் சொன்ன ராஜா என்று கேள்விப்பட்டிருப்பாயே, அவனேதான். இது அவன் வாலிபத்துக் கதை.

அவனுக்கு முன்னால் அந்த யூத நாட்டை ஆண்டது அஸ்மோனியர் என்கிற வம்சம். கோயில் பூசாரியும் அவர்களே, ராஜாவும் அவர்களே. அந்த வம்சத்தில் இரண்டு அண்ணன் தம்பிகளுக்குள் பட்டத்துக்குச் சண்டை. நம் ஊரில் வரப்புத் தகராறுக்குக் கட்சிக்காரரைக் கூப்பிடுகிற மாதிரி, இரண்டு பேரும் ரோமாபுரித் தளபதியைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டார்கள். அவன் வந்தான். தீர்ப்புச் சொன்னான். ஆனால் அந்த நாட்டை விட்டு ரோமாபுரிக்காரன் அதற்கப்புறம் போகவே இல்லை. அண்ணனுக்குப் பட்டம் போய்ப் பூசாரிப் பதவி மட்டும் மிஞ்சியது. பின்னால் தம்பி மகன் ஒருவன் கிளம்பி, சொந்தப் பெரியப்பாவின் காதைக் கடித்தே எடுத்துவிட்டானாம். உடம்பில் குறை இருந்தால் பெரிய பூசாரியாக இருக்க முடியாது என்பது அவர்கள் சட்டம். அந்தக் காட்சிக்கு கௌஸ் பாய் ஒரு ரப்பர் காது செய்து கொடுத்திருக்கிறார். அதைப் பார்த்தால் இளவேனில் பயந்துவிடும்.

இந்த அமளிக்கு நடுவில் ஏரோது உள்ளே வருகிறான். அவன் ராஜ வம்சம் கிடையாது. பக்கத்துச் சீமைக்காரன். அவன் அப்பா அரண்மனையில் யோசனை சொல்லிப் பிழைத்தவர். இவன் ரோமாபுரிக்குப் போய் அங்கிருக்கிற பெரியவர்கள் காலைப் பிடித்து, நீதான் ராஜா என்று அவர்கள் வாயால் சொல்ல வைத்து, அவர்கள் பட்டாளத்தோடு வந்து அந்த நாட்டையே பிடித்தான். ஊர் அவனை ராஜாவாக மதிக்க வேண்டுமே. அதற்காகப் பழைய வம்சத்து இளவரசி மரியம்னேயைக் கல்யாணம் செய்துகொண்டான். அப்படி ஒரு அழகாம். ஆனால் அவள் மேல் அவனுக்கு நிஜமாகவே உயிர். அதுதான் கதையில் வில்லங்கமே என்கிறார் ரகுநாதன் சார். மீதியை இன்னும் ஒத்திகை பார்க்கவில்லை.

உன் சான்றிதழ் விஷயம். மார்ச் ஐந்தாம் தேதி ஈரோட்டில் சரிபார்ப்பு, அசலைக் கொண்டுவராவிட்டால் வாத்தியார் வேலை இல்லை என்று கடிதாசியில் போட்டிருப்பதாகச் சொன்னாய். மறக்கவில்லை. என் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தேடிவிட்டேன். விசாப் பேப்பரோடு கலந்து வந்தது எங்கேயோ செருகிக்கொண்டிருக்கிறது. கிடைத்தால் உடனே அனுப்புகிறேன். கிடைக்காவிட்டாலும் மனதை விட்டுவிடாதே. இன்னொரு முறை கூப்பிடாமலா போவார்கள்.

இளவேனிலுக்கு முத்தம். அடுத்த வெள்ளிக்கிழமையாவது சீக்கிரம் குளித்து வைக்கவும்.

உன் நினைவாகவே இருக்கும்,
பழனிச்சாமி

அல் கூஸ்
8.2.2008

அன்புள்ள சங்கீதாவுக்கு,

போன கடிதம் மாதிரி இதை எழுத முடியவில்லை. நான்கு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். கௌஸ் பாய் பார்த்துவிட்டு, காதல் கடிதமா என்று கேலி செய்தார். இல்லை பாய், வாக்குமூலம் என்றேன்.

முதலில் நாடகத்தைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொன்னால்தான் மற்றது வாயில் வரும்.

மரியம்னேக்குப் பதினேழு வயதில் ஒரு தம்பி. பெரிய பூசாரியாகத் திருவிழாவில் வந்து நின்றவனைப் பார்த்து ஊரே கொண்டாடிவிட்டது. ஏரோதுக்கு வயிறு எரிந்தது. ராஜா என்னை விட்டுவிட்டு இந்தப் பிள்ளையைக் கொண்டாடுகிறார்களே என்று. கொஞ்ச நாளில் அந்தப் பிள்ளை குளத்தில் விளையாடும்போது மூழ்கிச் செத்துப்போனான். விளையாட்டுப் போல அழுத்தியவர்கள் ராஜாவின் ஆட்கள். இது வெளியே தெரிந்து, ரோமாபுரித் தலைவன் ஏரோதை விசாரணைக்குக் கூப்பிட்டுவிட்டான். போனால் தலை தப்புமா என்று தெரியாது. போகாமலும் இருக்க முடியாது.

புறப்படும் முன் ஏரோது ஒருவரைத் தனியாகக் கூப்பிட்டு ரகசிய உத்தரவு போடுகிறான். யாரை என்று நினைக்கிறாய்? கூடப் பிறந்த சலோமேயின் புருஷன் யோசேப்பை. மச்சானை, சங்கீதா. நான் திரும்பி வராவிட்டால் மரியம்னேயைக் கொன்றுவிடு, அவள் இன்னொருவனுக்குப் போகக் கூடாது என்கிறான். அந்த இடத்தில் மேடையில் மூன்றே பேர். ராஜா, மச்சான், ஈட்டியோடு நான். கதைப்படி காவல்காரனுக்கு இது காதில் விழாது. எனக்கு விழுந்தது.

அடுத்த காட்சியில் ராணி வருத்தத்தில் இருக்கிறாள். அவருக்கு என் மேல் பிரியமே இல்லை என்கிறாள். யோசேப்பு வேஷம் கட்டுகிற சதீஷ்குமார் நல்ல பிள்ளை, சிரித்த முகம். அவர் ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, பிரியமில்லாமலா உங்களைப் பற்றி இப்படி ஒரு உத்தரவு போட்டுவிட்டுப் போனார் என்று எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறார்.  சந்திரகலா மேடத்தின் முகம் மாறியது. அதற்கப்புறம் கதையில் அவள் ஏரோதிடம் சிரித்ததே இல்லை.

என் கையிலிருந்த ஈட்டி டமாரென்று விழுந்தது. ரகுநாதன் சார் திட்டினார். நான் பாத்ரூம் போகிறேன் என்று சொல்லி வெளியே வந்து, நேராக நம் அக்கா புருஷன் வாசு மச்சானுக்குப் போன் போட்டேன்.

எதற்கென்று உனக்குத் தெரியும். உன் சான்றிதழ் என் பெட்டியில் இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை. விமானம் ஏறுவதற்கு முதல் நாள் அதை எடுத்து ஒரு பழுப்பு உறையில் போட்டு, வாசு மச்சானிடம் கொடுத்து, மாவு மில்லில் இருக்கும் அவர் பீரோவில் வைத்துப் பூட்டச் சொன்னவன் நான். உன்னிடம் தவறுதலாக துபாய்க்கு வந்துவிட்டது என்று சொன்னவனும் நான். போன மாதம் பெட்டியைக் கவிழ்த்துத் தேடினேன் என்று எழுதியவனும் நானேதான். அதை எழுதின கையைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மச்சானிடம் மெதுவாகக் கேட்டேன். அவர் சந்தோஷமாகச் சொன்னார். புது வருஷம் பிறந்த வாரம் நீ அக்கா வீட்டில் உட்கார்ந்து அழுதாயாம். வேலைக்குப் போகிற விஷயத்தில் அவருக்கு என்மேல் அக்கறையே இல்லை என்றாயாம். அவர் ஆறுதலுக்குச் சொன்னாராம், அக்கறை இல்லாமலா உன்னை எங்கேயும் தொலைதூரத்துக்கு அனுப்ப மனசில்லாமல் சான்றிதழை என்னிடம் பூட்டி வைக்கச் சொன்னான் என்று. உன் எண்ணெய்க் குளியல் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஏன் செய்தேன் என்று நீ கேட்காமலே சொல்கிறேன். உன்மேல் சந்தேகத்தில் செய்யவில்லை. அந்தப் பாவம் என்னிடம் கிடையாது. நீ ஆசிரியர் பயிற்சி முடித்தவள். நான் எட்டாவதோடு உளி பிடித்தவன். பெண் பார்க்க வந்த அன்றே உன் அப்பா கொஞ்சம் யோசித்தார். அது என் மனதில் தங்கிவிட்டது. உனக்குக் கவர்மெண்டு வேலை வந்து, திருவண்ணாமலைப் பக்கம் எங்கேயோ போட்டு, நீ தனியாக வீடு பிடித்து, ஊரெல்லாம் டீச்சர் டீச்சர் என்று கும்பிட, நான் லீவில் வந்து அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுகிற மாதிரி ஒரு நினைப்பு. அந்த வாசலில் நான் யார் என்று எனக்கே பதில் தெரியவில்லை. ஏரோது மாதிரி நடுவில் வந்தவன். ராஜ வம்சம் நீதான். பயந்துவிட்டேன் சங்கீதா.

மச்சானிடம், உறையை உடனே உன்னிடம் கொடுக்கச் சொன்னேன். அவர் மாட்டேன் என்கிறார். ஏனென்றால் நான் கொடுத்த உத்தரவு அப்படி. நீ அழுதால் எனக்கு மனசு இளகிவிடும், போனில் கொடுக்கச் சொல்லிவிடுவேன் என்று எனக்கே என்னைத் தெரியும். அதனால் நானே போன் போட்டுச் சொன்னாலும் கொடுக்கக் கூடாது, நேரில் வந்து கேட்டால்தான் கொடுக்க வேண்டும் என்று சிவன்மலை முருகன் படத்தின் மேல் அவரைச் சத்தியம் செய்ய வைத்துவிட்டு வந்தேன். எத்தனை கெஞ்சியும் ஒரே பதில்.

“நீயே சொன்னாலும் குடுக்கக் கூடாதுன்னு சொன்னது நீதான மாப்ளே. முருகன் மேல சத்தியம் பண்ணிப்போட்டு நான் எப்படி மாறுறது?”

இத்தனை நாணயமான மச்சானைக் கொடுத்ததற்கு அந்த முருகனைத்தான் கேட்க வேண்டும். கவலைப்படாதே. எப்படியாவது மார்ச் ஐந்துக்குள் அவரைக் கொடுக்க வைக்கிறேன்.

இளவேனிலிடம் அப்பா நல்லவன் என்று இப்போதைக்குச் சொல்லி வை.

தலை குனிந்து,
பழனிச்சாமி

அல் கூஸ்
16.2.2008, சனிக்கிழமை

அன்புள்ள சங்கீதாவுக்கு,

இந்தக் கடிதம் உனக்குச் சீக்கிரம் கிடைக்கும். சந்திரகலா மேடம் தம்பி கல்யாணத்துக்காக நாளைக்கு ஷார்ஜாவிலிருந்து கோயம்புத்தூர் விமானம் ஏறுகிறார். அங்கே இறங்கியதும் கூரியரில் போட்டுவிடுவதாகச் சொல்லி என்னை எழுதச் சொல்லிக் காத்திருக்கிறார். என்னைப் பற்றி அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அவருக்கு மட்டும் இல்லை, துபாயில் நானூறு தமிழர்களுக்கு உன் பெயர் தெரிந்துவிட்டது. எப்படி என்று சொல்கிறேன்.

இந்த வாரம் மச்சானுக்கு ஏழு போன். ஃபோர்மேனிடம் போய் அவசர லீவு கேட்டேன். என்ன அவசரம் என்றார். மச்சானிடமிருந்து மனைவியின் சான்றிதழை வாங்க வேண்டும் என்றேன். அதற்கு ஒரு போன் போட்டால் போதாதா என்றார். போன் போட்டால் கொடுக்கக் கூடாது என்று நானே சொல்லி வைத்திருக்கிறேன் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். வேலை நெருக்கடி, ஏப்ரலுக்கு முன் யாருக்கும் லீவு இல்லை, கலாஸ், அவ்வளவுதான் என்று அனுப்பிவிட்டார்.

இந்தக் கவலையோடுதான் நேற்று மேடை ஏறினேன்.

ஹால் நிறைந்துவிட்டது. ரப்பர் காதுக்குக் கைதட்டல். எங்கள் தூண்களுக்கு அதைவிடக் கைதட்டல். கதையின் கடைசிப் பகுதியை உனக்கு நான் சொல்லவில்லையே. ஏரோது அந்த விசாரணையில் தப்பித்துத் திரும்புகிறான். மரியம்னே ஒருநாள் அந்த உத்தரவைச் சொல்லிக் காட்ட, ரகசியத்தை உளறினான் என்று மச்சானின் தலை போகிறது. மறுபடியும் ரோமாபுரியில் ஆட்சி மாறி, புதுத் தலைவனைப் பார்க்க ஏரோது போக வேண்டி வருகிறது. புத்தி வந்திருக்கும் என்று பார்த்தால், வேறொரு காவலாளியிடம் அதே உத்தரவைப் போட்டுவிட்டுப் போகிறான். அதுவும் அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. வந்த பிறகு அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. சலோமே கோள் மூட்டுகிறாள். அவன் மனைவியையே விசாரணைக்கு நிறுத்திக் கொன்றுவிடுகிறான்.

கொன்ற பிறகு பைத்தியம் பிடித்தாற்போல் ஆகிறான். உயிரோடு இருப்பவளைக் கூப்பிடுகிற மாதிரி ராணியைக் கூப்பிடுங்கள் என்று வேலைக்காரர்களை ஏவுகிறான். உண்மையிலேயே அப்படித்தான் நடந்தது என்று பழைய ஏட்டில் இருக்கிறதாம். அந்த இடத்தில்தான் எனக்கு மொத்த நாடகத்திலும் ஒரே ஒரு வசனம். நான் மேடை ஓரத்துக்குப் போய், ‘மகாராணி மரியம்னே, மன்னர் அழைக்கிறார்’ என்று உரக்கக் கூப்பிட வேண்டும். பதில் வராது. விளக்கு அணைய வேண்டும்.

ரகுநாதன் சார் அழுதுகொண்டே கூப்பிடு என்றார். அந்த அழுகை நடிப்பு மாதிரி இல்லை. எனக்கு என்னவோ ஆகிவிட்டது. ஓரத்துக்குப் போனேன். நம் வீட்டுக் களத்தில் நின்று கூப்பிடுகிற தொண்டையில், சங்கீதா என்று கூப்பிட்டுவிட்டேன்.

 நான்காவது வரிசையில் ஒரு அம்மா, என்னங்க என்று எழுந்து நின்றுவிட்டார். அவர் பெயரும் சங்கீதா. ஹால் முழுக்கச் சிரிப்பு. விளக்குப் போடுகிற பையன் சிரித்ததில் அணைக்க மறந்துவிட்டான். ராஜாவுக்கு ஒட்டுத்தாடி ஒரு பக்கம் கழன்று தொங்கியது. ஒன்றரை மாதம் உழைத்த சோக நாடகம் சிரிப்பில் முடிந்தது.

ரகுநாதன் சார் இன்னும் என்னோடு பேசவில்லை. மேடம்தான் கிரீடத்தைக்கூடக் கழற்றாமல் வந்து, சங்கீதா யார் என்று கேட்டார். சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மச்சானுக்கு எத்தனை முறை போன் போட்டீர்கள் என்றார். ஏழு என்றேன்.

“ஏரோதும் கடைசி வரைக்கும் காவல்காரங்ககிட்டதான் பேசினான், பழனிச்சாமி. அவகிட்ட ஒருநாளும் பேசலை. எங்க வீட்டுக்காரர் அதை எழுதியிருக்காரு, ஆனா யாருக்கும் அது கண்ணுல படலை.”

அங்கேயே சுருக்கென்றது. போன கடிதத்தில் என்ன எழுதினேன், மச்சானைக் கொடுக்க வைக்கிறேன் என்று. அதுவும் இன்னொரு உத்தரவுதானே. பூட்டச் சொன்னதும் நான், திறக்கச் சொல்வதும் நான் என்றால் நடுவில் நீ எங்கே இருக்கிறாய்?

அதனால் இனி மச்சானிடம் பேசப் போவதில்லை. உன்னிடம் சொல்கிறேன். அது உன் பெயர் போட்ட சான்றிதழ். உன் படிப்பு. பகலில் எல்லோரும் பார்க்க மில்லுக்குப் போ. இடது பக்கத்துப் பீரோ, மேல் தட்டு, பழுப்பு உறை. பூட்டை உடைத்தாலும் சரி. யாரிடமும் கேட்காதே. என்னிடமும் கேட்காதே. மச்சான் குறுக்கே நின்றால் அவர் சத்தியம் செய்தது என்னிடம், உன்னிடம் இல்லை என்று சொல். முருகன் கோபித்துக்கொண்டால் வட்டியும் முதலுமாக நான் மொட்டை போட்டுக்கொள்கிறேன்.

திருவண்ணாமலை என்றாலும் சரி, கன்னியாகுமரி என்றாலும் சரி, போட்ட இடத்துக்குப் போ. நான் வந்து உன் வாசலில் செருப்பைக் கழற்றுகிறேன். அது எனக்கு மரியாதைதான் என்று இப்போது தெரிகிறது.

மேடம் வாட்சைப் பார்க்கிறார். ஒன்றே ஒன்று. நேற்று அத்தனை பேர் நடுவில் கூப்பிட்டபோது, பதில் வராது என்பது வசனத்திலேயே இருந்தது. தெரிந்துதான் கூப்பிட்டேன். ஆனாலும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். நீ நன்றாக இருக்க வேண்டும். என்மேல் கோபமாக இருந்தாலும் நன்றாக இரு.

எப்போதும் உன்,
பழனிச்சாமி

7.3.2008

அன்புள்ள மாமாவுக்கு,

சங்கீதா எழுதுகிறேன். மூன்று கடிதமும் கிடைத்தன. சந்திரகலா அக்கா கூரியரோடு ஒரு சேலையும், ஊருக்கு வரும்போது பார்க்கலாம் என்று ஒரு சீட்டும் வைத்திருந்தார்கள். அவர்களுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

நேற்று முன்தினம் ஈரோடு போய் வந்தேன். சரிபார்ப்பு முடிந்தது. வரிசையில் நான் எண்பத்தேழு. ஒரு குறையும் இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். இளவேனிலையும் கூட்டிக்கொண்டு போனேன். அங்கிருந்த அதிகாரியிடம், எங்கம்மா டீச்சர் என்று சொல்லிவிட்டது.

சான்றிதழ் எப்படிக் கிடைத்தது என்று கேட்பீர்கள். நீங்கள் சொன்ன பீரோவில் நான் போய் எடுக்கவில்லை. அங்கே இல்லை. ஜனவரி முதல் வாரத்திலேயே அது என்னிடம் வந்துவிட்டது. வாசு அண்ணன் என்னிடம் சொன்ன அன்று, அண்ணன் மதியம் சாப்பிட்டுக் கண்ணயர்ந்த நேரத்தில் உங்கள் அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மில்லுக்குப் போனார்கள். அண்ணனிடமிருந்து உருவிய சாவியால் பீரோவைத் திறந்தார்கள். உறைக்குள் இருந்ததை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டு, அதே கனத்துக்குப் பழைய கரண்டு பில்லுகளை வைத்து ஒட்டினார்கள். எம் புருஷனும் எந்தம்பியும் சேர்ந்தா மூளையக் கழட்டி வெச்சுட்டுத்தான் பேசுவாங்க என்று திட்டிக்கொண்டே வந்தார்கள். போனில் கோயில், குளியல் என்று சொன்னதெல்லாம் நான் சொல்லச் சொன்னது. எனக்காக வாராவாரம் பொய் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று வெள்ளிக்கிழமை விரதம் இருந்தார்கள். அவர்களைப் போய் உங்கள் நாடகத்து நாத்தனார் சலோமேயோடு சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். படித்துக் காட்டினேன். நீங்கள் லீவில் வரும்போது அதற்குத் தனியாகக் கிடைக்கும்.

வாசு அண்ணன் இன்னும் அந்தக் கரண்டு பில்லுக்குக் காவல் காத்துக்கொண்டிருக்கிறார். உங்கள் போன் வரும்போதெல்லாம் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார். அவரிடம் நாங்கள் சொல்லவில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம். நல்ல மனுஷர்.

பெட்டியைக் கவிழ்த்துத் தேடினேன் என்ற உங்கள் முதல் கடிதத்தைப் படித்தபோது சான்றிதழ் என் மடியில் இருந்தது. அன்றைக்குத்தான் நான் நிஜமாக அழுதேன். அது கிடைக்காமல் போனதற்கு அழுததைவிட அதிகம். நான் காத்திருந்தது சான்றிதழுக்கு இல்லை மாமா. என்றைக்காவது நீங்களாக உண்மையைச் சொல்வீர்களா என்று காத்திருந்தேன். இரண்டாவது கடிதம் வந்தது. பாதிக் கோபம் போனது. மீதியை மூன்றாவது கொண்டுபோய்விட்டது. அந்த நான்காவது வரிசைச் சங்கீதாவை நினைத்து நானும் அக்காவும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

எட்டாவது படித்தவன் என்று நீங்கள்தான் சொல்லிக்கொண்டே இருக்கிறீர்கள். நான் ஒருநாளாவது சொன்னேனா என்று யோசித்துப் பாருங்கள். அப்பா அன்றைக்கு யோசித்தது வெளிநாடு போகிற மாப்பிள்ளையாயிற்றே என்றுதான். படிப்பைப் பற்றி அவர் பேசவே இல்லை.

மே மாதம் உத்தரவு வரும் என்கிறார்கள். எங்கே போட்டாலும் போவேன். இது கேட்பதற்காக எழுதவில்லை, தெரிவிப்பதற்காக எழுதுகிறேன். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுங்கள். ரகுநாதன் சாரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேளுங்கள், பாவம், அவர் ராஜாவாக இருந்ததே ஒருநாள்தான். உங்களுக்கு ஒரு கெடுதியும் வராது. முருகனிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

இன்னும் ஒன்று. நான்கு வருஷமாக நீங்கள் எனக்கு எழுதுகிற கடிதத்தின் மேலெல்லாம் வாசு அண்ணன் பெயரைத்தான் போடுகிறீர்கள். அதற்குக் கீழே மனைவிக்கு என்று சின்னதாக எழுதுகிறீர்கள். ஊரில் வெளிநாட்டிலிருந்து எல்லா வீட்டுக்கும் அப்படித்தான் வருகிறது. தபால்காரர் மில்லில் கொடுப்பார், அண்ணன் வீட்டுக்குக் கொண்டுவருவார், அக்கா என்னிடம் கொடுப்பார்கள். இனி அது வேண்டாம். உறையின் மேல் என் பெயரை மட்டும் எழுதுங்கள். நானூறு பேருக்கு முன்னால் கூப்பிட்ட பெயர்தானே, எழுதுவதற்கு என்ன கூச்சம்.

இப்படிக்கு,
சங்கீதா